சர்டிபிகேட் கேட்காத சர்வகலாசாலை

சாரம் அவ்வைத் திடலைச் சுற்றி ஒரு நடை போனால் போதும், புதுச்சேரியில் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை என்பது தெரிந்துவிடும். மஞ்சள் நீராட்டு விழாவா, மணிவிழாவா, எந்த பேனரைப் பார்த்தாலும் பெயர் ஒரு வரி, பட்டம் இரண்டு வரி. மாப்பிள்ளைக்கு பி.டெக்., எம்.பி.ஏ.; பெண்ணுக்கு எம்.எஸ்ஸி., பி.எட்.; தாய்மாமனுக்கு ஒன்றும் தேறவில்லையென்றால் கட்சிப் பதவியையாவது போட்டு இடத்தை நிரப்பிவிடுகிறார்கள். வெறும் பெயரோடு பேனரில் நிற்பவர் குலதெய்வம் மட்டும்தான்.

ஆனால் இந்த ஊரின் கல்வி வரலாற்றை எழுத உட்கார்ந்தால் கதை வேறு மாதிரி போகிறது. இருநூற்றைம்பது வருஷமாக இங்கே வந்து பேர் வாங்கிய வாத்தியார்களில் பாதிப் பேரிடம் நீட்டிக் காட்ட ஒரு சர்டிபிகேட் கிடையாது. மீதியில் பலர், கைக்கு வந்த நேரத்தில் வேண்டாம் என்று தள்ளியவர்கள். 1985-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு ஒரு பல்கலைக்கழகத்தைக் கையில் கொடுத்த பிறகும் ஊருக்கு இந்தப் பழக்கம் லேசில் விடவில்லை.

முதல் வருகைதரு பேராசிரியர் என்று கியோம் லெ ஜான்தியைத்தான் சொல்ல வேண்டும். பாரிஸ் அறிவியல் கழகத்து வானியலாளர். சூரியனுக்கு முன்னால் வெள்ளிக் கோள் சின்னப் பொட்டாகக் கடந்து போவதைப் புதுச்சேரியில் நின்று பார்த்து அளக்க வேண்டும், அதை வைத்து சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடலாம் என்பது திட்டம். 1760-இல் கப்பலேறினார். வந்து சேருவதற்குள், 1761 ஜனவரியில், ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துவிட்டார்கள். பிடித்ததோடு நிற்காமல் இடித்தும் தள்ளினார்கள். கப்பல் திரும்பிற்று. 1761 ஜூன் 6 அன்று வெள்ளி சூரியனைக் கடந்தபோது மனுஷர் நடுக்கடலில், ஆடுகிற தளத்தில் தொலைநோக்கியோடு நின்றுகொண்டிருந்தார். பார்க்கலாம், அளக்க முடியாது.

அடுத்த வாய்ப்பு எட்டு வருஷம் கழித்து. அதையும் விட்டால் நூறு வருஷத்துக்கு மேல் ஆகும். சரி, இருந்தே பார்த்துவிடுவோம் என்று இந்தப் பக்கத்துக் கடல்களையே சுற்றிவந்தார். 1768-இல், பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்ப வந்திருந்த புதுச்சேரியில் இறங்கினார். அப்போது கவர்னர் லா தெ லொரிஸ்தோன், நம் லாஸ்பேட்டைக்குப் பேர் கொடுத்த புண்ணியவான். இடிந்து கிடந்த கோட்டையின் மேலேயே ஒரு வானாய்வுக் கூடம் கட்டிக் கொடுத்தார். மே மாதம் முழுக்கக் காலை வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. 1769 ஜூன் 4 காலை, வெள்ளி கடக்கிற அந்த நேரத்துக்கு மட்டும் மேகம் வந்து மூடிக்கொண்டது. கடந்து முடிந்ததும் வெயில் சுள்ளென்று அடித்தது. ஜூன் மாதப் புதுச்சேரியில் நிழலுக்காக மேகத்தை வேண்டிக்கொள்கிறவர்கள் ஆயிரம் பேர். ஒருமுறை அது கேட்காமலே வந்து நின்றது, அதுவும் வேண்டவே வேண்டாம் என்றிருந்த ஒரே ஆளுக்கு.

1771-இல் பாரிஸ் திரும்பினால், ஆள் செத்துப் போயிருப்பார் என்று முடிவு கட்டி, கழகத்தில் அவருடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். சொத்தைப் பங்கு போட உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு வருஷ ஆராய்ச்சி, முடிவு பூஜ்யம், வேலையும் போச்சு. இன்று உதவித்தொகைக்குக் காத்திருக்கும் ஆய்வு மாணவர் யாருக்கும் இதில் அதிர்ச்சியடைய ஒன்றும் இருக்காது.

லெ ஜான்தி இங்கே உருப்படியாகச் செய்த காரியம் வேறு. உள்ளூர்த் தமிழர்களிடம் உட்கார்ந்து கிரகணக் கணக்குப் படித்தார். காகிதமும் பேனாவும் இல்லாமல், தரையில் சோழிகளை நகர்த்தி, வாய்பாட்டை முணுமுணுத்தே போடுகிற கணக்கு. 1765 ஆகஸ்ட் 30 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்துச் சொன்னது. ஐரோப்பாவே தலையில் வைத்துக் கொண்டாடிய டோபியாஸ் மாயரின் அட்டவணை 68 விநாடி கூட்டிச் சொன்னது. அரசாங்கச் செலவில் வந்த வானியலாளர் கோட்டைவிட்ட ஊரில், சோழிக்காரர் முதல் வகுப்பில் தேறினார்.

அதன் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் முறைப்படி கல்விச்சாலை திறக்கத் தொடங்கினார்கள். 1826-இல் ராயல் கல்லூரி, இன்றைய லிசே. 1838-இல் சட்டப் பள்ளி. 1863-இல் மருத்துவப் பள்ளி. 1877-இல் கலவை சுப்புராய செட்டியார் பேரில் கலவைக் கல்லூரி. படித்தவன் எங்கே போனான் என்று கேட்காதீர்கள். சைகோனுக்குக் கப்பல் இருந்தது, அங்கே குமாஸ்தா நாற்காலி இருந்தது.

சட்டத்தால் ஊருக்குக் கிடைத்த பலன் முதலில் காலுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல் பூட்ஸோடு கோர்ட்டுக்குள் நுழைந்தார். உள்ளூர் வக்கீல் வெறுங்காலோடு வர வேண்டும் என்பது வழக்கம். நீதிபதி பூட்ஸைப் பார்த்தார். சட்டப் புத்தகத்தைப் பார்க்கவில்லை. பொன்னுத்தம்பி பாரிஸ் வரை மேல்முறையீட்டுக்குப் போய் ஜெயித்துக்கொண்டு வந்தார். பிறகு லபோர்த் என்று பேரையும் மாற்றிக்கொண்டு, 1881 ஆணைப்படி சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் போனவர்களுக்குத் தலைவரானார். லபோர்த் வீதி அவர் பேரில்தான் இருக்கிறது. செருப்பைத் தேய்த்துக்கொண்டு அதில் நடக்கிற நமக்கு யார் ஞாபகம் வைத்திருக்கச் சொல்லித் தந்தார்கள்?

மருத்துவப் பள்ளியில் படித்து முடித்தவருக்கு ‘உள்ளூர் மருத்துவர்’ என்று பட்டயம். பாரிஸில் படித்தவர் டாக்டர், இங்கே படித்தவர் உள்ளூர் டாக்டர். நோய் மட்டும் இருவரிடமும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டது. கவர்னர் மாளிகைக்கு எதிரே இருந்த அந்தப் பள்ளியின் இடத்தில்தான் 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி நடந்தது. பிறகு அது கோரிமேட்டுக்குக் குடிபோனது; 1964 ஜூலையில் ஜிப்மர் என்று பேர் மாற்றிக்கொண்டது. காலி செய்த கட்டடத்தில் இப்போது சட்டசபை கூடுகிறது. இடத்தின் ராசி போகவில்லை என்று ஊரில் சிரிப்பார்கள்: ஒரு கட்சியிலிருந்து எம்.எல்.ஏ.வை அறுத்து எடுத்து இன்னொரு கட்சியில் வைத்துத் தைக்கிற உறுப்பு மாற்று சிகிச்சையில் நமக்கு நல்ல பேர். என்ன, மயக்க மருந்தை நோயாளிக்குக் கொடுக்காமல் வாக்காளருக்குக் கொடுக்கிறார்கள்.

காலனிக் கல்லூரியில் அறிவியல் பாடம் எடுத்த ஜுவோ துப்ரேய் என்ற பேராசிரியரையும் விடக் கூடாது. மனுஷர் பிறந்தது சைகோனில். பாடம் எடுத்த நேரம் போக மீதி நேரமெல்லாம் பல்லவர் கோயில்களில்தான் இருந்தார். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் சுண்ணாம்புக்கு அடியில் பல்லவர் ஓவியம் ஒளிந்திருப்பதை 1931-இல் கண்டுபிடித்தார். அரிக்கமேட்டில் பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்த மணிகளை வாங்கிப் பார்த்து, ஐயோ இது ரோமானியர் காலத்துச் சங்கதி என்று குதித்தார். பாடத்திட்டத்துக்கு வெளியே போன ஆசிரியர்தான் பாடப் புத்தகத்துக்குள் போகிறார் போலிருக்கிறது.

இனி வருவது, கட்டடமும் துணைவேந்தரும் கட்டணமும் இல்லாமல் 1908 முதல் 1918 வரை நடந்த பல்கலைக்கழகம். திண்ணைகளில் நடந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் வாரண்ட் இருப்பது மட்டுமே ஆசிரியர் பணிக்குத் தகுதி.

தமிழ்த் துறை பாரதி. மதுரை சேதுபதி பள்ளியில் 1904-இல் சில மாதம் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்தார். அதுதான் அவருடைய மொத்த ஆசிரிய அனுபவம். 1908-இல் இங்கே வந்து சேர்ந்தார். ஆங்கிலத் துறை அரவிந்தர். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் டிரைப்பாஸ் முதல் பகுதியில் முதல் வகுப்பு வாங்கிவிட்டு, பட்டத்தை வாங்காமலே புறப்பட்டவர். ஐ.சி.எஸ். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டு, குதிரையேற்றத் தேர்வுக்குப் போகாமல் அதையும் கழற்றிவிட்டவர். வங்காள தேசியக் கல்லூரிக்கு முதல் முதல்வராக இருந்தவர் 1910 ஏப்ரல் 4 அன்று இங்கே இறங்கி, அதே கலவைச் செட்டியார் குடும்பத்துச் சங்கர செட்டியாரின் வீட்டு மாடியில் குடியேறினார். அதே வருஷம் வ.வே.சு. ஐயரும் வந்தார். லண்டனில் பாரிஸ்டர் படிப்பை முடித்துவிட்டு, ராஜவிசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டேன் என்று பட்டத்தைத் தள்ளியவர். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது இங்கே இருந்தபோதுதான். அவர் எடுத்த செய்முறை வகுப்பு துப்பாக்கி சுடுவது என்று சொல்வார்கள். மணியாச்சியில் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் அதில் பயின்றவர் என்பது ஊர்ப் பேச்சு.

இந்தப் பல்கலைக்கழகத்தில் வருகைப் பதிவு மட்டும் இன்றுவரை யாராலும் எட்ட முடியாத ஒழுங்கு. அதைக் கவனித்துக்கொண்டது பிரிட்டிஷ் ரகசியப் போலீஸ். யார் யார் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று எதிர் வீதியில் நின்று குறித்துக்கொண்டே இருந்தார்கள். ஒரே குறை, மாணவர்களுக்குப் பதில் பேராசிரியர்களுக்கு அட்டெண்டன்ஸ் எடுத்தார்கள். அவர்களும் நாளெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்களே, ஒருவராவது இரண்டு பாட்டு கற்றுக்கொண்டு கவிஞராகியிருக்கக் கூடாதா?

போலீஸ்காரர் யாரும் ஆகவில்லை; ஆனது ஒரே ஒரு வாத்தியார். கலவைக் கல்லூரியில் தமிழ் படித்து, 18 வயதில் பிரெஞ்சு அரசாங்கத்தின் தமிழாசிரியராகிக் காரைக்கால் நிரவிக்கு வேலைக்குப் போன கனக சுப்புரத்தினம். வேணு நாயக்கர் வீட்டுக் கல்யாணத்தில் பாரதியின் பாட்டை முழங்கிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர்தான் பாரதி என்பது அவருக்குத் தெரியாது. விடைத்தாள் திருத்துகிறவர் எதிரிலேயே பரீட்சை எழுதின கதை. பிறகு நண்பர்கள் முன்னால் ஒரு பாட்டு எழுதச் சொன்னார் பாரதி. எழுதியதைப் பார்த்துவிட்டு, இவர் என் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் என்று மேலே குறித்து சுதேசமித்திரனுக்கு அனுப்பினார். பத்து வருஷம் நடந்த அந்தப் பல்கலைக்கழகம் கொடுத்த பட்டச் சான்றிதழ் என்றால் அந்த ஒரு வரிதான். முத்திரை இல்லை, தாளில் தங்க ஓரமும் இல்லை. வாங்கியவர் பேரையே பாரதிதாசன் என்று மாற்றிக்கொண்டார். 1946 வரை 37 வருஷம் பள்ளிக்கூட வாத்தியாராகவே இருந்து ஓய்வு பெற்றார்.

தமிழ்நாடு அரசு 1982-இல் ஒரு காரியம் செய்தது. கோவையில் பாரதியார் பல்கலைக்கழகம், திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம், இரண்டும் அதே ஆண்டு. பல்கலைக்கழக வாசலையே மிதித்துப் பட்டம் வாங்காத குருவும் சிஷ்யனும், ஆளுக்கொரு பல்கலைக்கழகமாகிப் பல்லாயிரம் பேருக்கு பி.ஏ. கொடுக்கிறார்கள். இருவரையும் பத்து வருஷம் சேர்த்து வைத்திருந்த புதுச்சேரிக்கு அப்போது சொந்தமாக ஒன்றும் இல்லை. லாஸ்பேட்டை தாகூர் கலைக் கல்லூரி 1961-இல் தொடங்கியதிலிருந்து பட்டத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒன்று இருந்தது என்றும் சொல்லலாம். 1952-இல் அரவிந்தர் ஆசிரமத்தில் அன்னை ஒரு சர்வதேசப் பல்கலைக்கழக மையம் தொடங்கினார். பிறகு பேரைக் கொஞ்சம் சுருக்கிக் கல்வி மையம் என்று வைத்துக்கொண்டார்கள். அங்கே பட்டம் கிடையாது, பட்டயம் கிடையாது. படி, படித்து முடி, போய் வா, அவ்வளவுதான். பெற்றோர் கேட்டால் மயக்கம் போட்டு விழுவார்கள், ஆனால் பிள்ளைகள் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கடைசியில் 1985-இல் வந்தது புதுவைப் பல்கலைக்கழகம். காலாப்பட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஏறத்தாழ 800 ஏக்கர். குறிக்கோள் வாசகம் பிரெஞ்சில். ‘ஒளியை நோக்கி’ என்று அர்த்தமாம். ஆள்கிற பரப்பைப் பார்த்தால் பழைய சாம்ராஜ்யம் தோற்றது. புதுச்சேரி, கீழே காரைக்கால், ஆந்திரக் கோதாவரிக் கரையில் ஏனாம், கேரளக் கரையில் மாஹி, அதற்கும் மேலே லட்சத்தீவு, அந்தமான் நிகோபார். பழைய பிரெஞ்சு கவர்னர் துப்ளே உயிரோடிருந்தால் கண்ணில் தண்ணீர் விட்டிருப்பார். சண்டை போட்டும் பிடிக்க முடியாத கடல்களை ஒரு சட்டப் பிரிவில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது காலாப்பட்டில் மத்திய சிறையும் இருக்கிறது. ‘பையன் காலாப்பட்டுல இருக்கான்’ என்று யாராவது சொன்னால் மேற்கொண்டு விசாரிக்காமல் வாழ்த்தக் கூடாது. முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருக்கிறான் என்றால் எப்போது வெளியே வருவான் என்றும் கேட்கக் கூடாது. மற்ற இடத்தில் உள்ளவனுக்காவது தேதி தெரியும்.

தொடக்கக் காலத்துத் துணைவேந்தர் கி. வேங்கடசுப்பிரமணியன் ஊரின் ராசியைப் புரிந்துகொண்டவர் என்றுதான் நினைக்கிறேன். நாடகம் சொல்லித்தர ஒரு பள்ளி வந்தது. பேர் சங்கரதாஸ் சுவாமிகள் பேர். ஊர் ஊராகப் பாய்ஸ் கம்பெனி நடத்தி, 1922-இல் இந்தப் புதுச்சேரியிலேயே காலமாகி, கருவடிக்குப்பத்தில் அடங்கியிருக்கிறவர். அந்தப் பள்ளிக்குத் தலைமை தாங்க தில்லியிலிருந்து இந்திரா பார்த்தசாரதி வந்தார். அவரிடம் டாக்டர் பட்டமும் இருந்தது, நாடகமும் இருந்தது. இரண்டும் ஒருவரிடம் இருப்பது அபூர்வம். பிறகு கே.ஏ. குணசேகரன் வந்து, வகுப்பறைக்குள் பறையையும் தெம்மாங்கையும் கொண்டுவந்து இறக்கினார்.

ஆனால் வேங்கடசுப்பிரமணியன் செய்த பெரிய குறும்பு 1989-இல். நாட்டுப்புற இலக்கியத்துக்கு வருகைதரு பேராசிரியராக இடைசெவல் விவசாயி ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். கி. ராஜநாராயணன். பள்ளிக்கூடப் படிப்பையே முடிக்காதவர். மழைக்குத்தான் பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்கினேன், அப்போதும் மழையைத்தான் வேடிக்கை பார்த்தேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மற்றவர்கள் ஓய்வு பெற்று ஈஸிசேரில் சாய்கிற வயதைத் தாண்டி, அறுபத்தைந்துக்கு மேல், அவருக்குப் பேராசிரியர் வேலை.

தமிழ்ப் பேராசிரியர் உலகத்துக்கு இது ஜீரணமாக நாளாகியிருக்கும். பேசுகிற மாதிரியே எழுதுகிறான், கொச்சை, இது இலக்கியமா என்று கேட்டுக்கொண்டிருந்த தலைமுறை அது. சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு தமிழ்ப் பேரகராதி போட அலுவலகம், பதிப்பாசிரியர், குழு எல்லாம் வைத்து 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதி வெளியிட்டது. அதில் இடம் கிடைக்காத கரிசல் சொற்களை, கோவணம் கட்டிய சம்சாரிகளின் வாயிலிருந்து பொறுக்கி, வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றைப் போட்டுவிட்டு அமைதியாக உட்கார்ந்திருந்தவர், எல்லோரும் நைனா என்று கூப்பிட்ட இந்த ராஜநாராயணன். அவர் கதைகளை ஆராய்ந்து முனைவரானவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர் ஆகவில்லை. தன்னைப் பற்றிய தேர்வையே அவர் எழுதியிருந்தால், மேற்கோள் சரியில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்திருப்பார்கள்.

அவர் கொடுத்த வீட்டுப்பாடம் ஒன்றுதான்: வீட்டுக்குப் போய்க் கிழவியிடம் கதை கேட்டுக்கொண்டு வா. புதுச்சேரி வட்டாரத்துக் கதைகள் அப்படித்தான் சேர்ந்து புத்தகமாயின. இதில் ஒரு தொல்லை உண்டு. நாட்டுப்புறக் கதை என்றால் நரி, காக்கா, வடை என்று நம்பிக்கொண்டிருப்பது நகரத்து மனசு. கிராமத்துப் பெரிசுகள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொல்கிற கதைகளில் பாதியை வகுப்பில் உரக்கப் படிக்க முடியாது. நைனா அவற்றையும் ஒதுக்கவில்லை. ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ என்று தலைப்புப் போட்டுத் தனியாகப் புத்தகமாக்கினார். தமிழ்ப் பண்பாட்டுக்குக் காவல் நிற்பவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே முழுசாகப் படித்தார்கள். 1991-இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்குச் சாகித்ய அகாதமி விருதும் வந்ததில் பலருக்கு வாய் அடைத்தது.

வேலைக் காலம் முடிந்தும் அவர் ஊர் திரும்பவில்லை. லாஸ்பேட்டையில் அரசுக் குடியிருப்பு ஒன்றில் தங்கிவிட்டார். அதற்கப்புறம் அந்தக் கூடம்தான் துறை. எழுதுகிறவன், பாடுகிறவன், சினிமா எடுக்கிறவன், சும்மா பார்க்க வந்தவன் எல்லோருக்கும் அங்கே இடமிருந்தது. 2021 மே 17-இல் தொண்ணூறைத் தாண்டி அவர் காலமானபோது தமிழ்நாடு அரசு மரியாதையோடு இடைசெவலுக்குக் கொண்டுபோய் இறுதிச் சடங்கு செய்தார்கள். ஒரு எழுத்தாளனுக்குப் போலீஸ் அணிவகுத்து நின்றது. பாரதி காலத்திலும் எழுத்தாளனுக்குப் போலீஸ் நின்றதுதான், காரணம் மட்டும் வேறு.

தன்விவரக் குறிப்பு என்ற ஒன்றே இல்லாமல் நைனா வந்த அதே வளாகத்தில், 2015-இல் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அப்போதைய துணைவேந்தரின் தன்விவரக் குறிப்பில் கண்ட சங்கதிகள் நிஜமா, எழுதிய புத்தகத்தில் எவ்வளவு சொந்தச் சரக்கு என்பது விவகாரம். தில்லி முதலில் அவரைக் காத்திருக்கச் சொன்னது. மறு வருஷம் அந்தப் பதவி அவரிடம் இல்லை. பாவம், குறிப்பை அவ்வளவு நீளமாக எழுதியிருக்க வேண்டாம். இந்த ஊர் அதைக் கேட்கிற ஊரே இல்லை.

இல்லை, கேட்கிறது, ஆளைப் பார்த்துக் கேட்கிறது. காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் எல்லாப் படிப்பிலும் புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு 25 சதவீத இடம் வேண்டும், நிலம் எங்கள் ஊருடையது என்று வருஷா வருஷம் கொடி பிடிக்கிறார்கள். சில படிப்புகளில் மட்டும் கிடைத்திருக்கிறது. மற்றதற்கு இந்தியா முழுக்க எழுதுகிற நுழைவுத் தேர்வில் எழுதித்தான் வர வேண்டும். எந்த இடமானாலும் விண்ணப்பத்தோடு மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ். அசலோடு இரண்டு செட் ஜெராக்ஸ்.